ஐந்து பத்து, பைப்புமூடு

மாலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கோலப்பன் மைக்கை அணைத்துவிட்டு எழுந்திருக்கிறார். சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிய துண்டு ஒன்றை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். மேசைக்கடியில் கிடக்கும் செருப்பைக் கால்விரலால் இழுத்து மாட்டிக்கொண்டு, பதினோரு படி இறங்கி, கூட்டத்துக்குள் வருகிறார்.

"ராஜாக்கமங்கலத்துக்கா? மூணாம் நம்பர், மூணாம் நம்பர். அந்தா நீலக் கலர் குப்பைத்தொட்டி இருக்குல்லா, அதுக்கு நேரே. அங்கண நிக்காதீங்கோ. இங்கண வாருங்கோ."

ஒவ்வொரு ஆளாகப் போய்ச் சொல்கிறார். பேச்சில் ஆழ்ந்திருப்பவர்களைத் தோளில் தட்டிச் சொல்கிறார். காதில் ஒயர் மாட்டிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று மூன்று விரலைக் காட்டுகிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். இவர் சிரிப்பதில்லை. வண்டி வந்து, கடைசி ஆள் ஏறி, அது கிளம்பி வாசலைத் தாண்டிய பிறகுதான் மறுபடியும் படியேறுகிறார்.

இதில் என்ன விசேஷம் என்று நீங்கள் கேட்கலாம். விசேஷம் இருக்கிறது. கோலப்பனின் வேலையே மைக்கில் சொல்வது. இந்த நிலையத்திலிருந்து ஒரு நாளைக்கு முந்நூற்றுச் சொச்சம் வண்டி கிளம்புகிறது. குலசேகரம், தக்கலை, குளச்சல், கன்னியாகுமரி என்று எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்தபடி மைக்கில்தான் அறிவிப்பார். ஐந்து பத்து ராஜாக்கமங்கலம் வண்டிக்கு மட்டும் மைக்கை அணைத்துவிட்டுக் கீழே வருவார். ஒரு வருடமாக, மழையென்றும் காய்ச்சலென்றும் பார்க்காமல் இப்படித்தான்.

எந்த ஊர் நிலையம் என்று எழுதமாட்டேன். எழுதினால் ஆளைத் தேடிப் போய் நின்று வேடிக்கை பார்ப்பீர்கள். எங்கள் ஜில்லாவில் ஒரு ஊர். அது போதும்.

வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி. மேல்பொத்தான் வரை போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. கோலப்பன் அரசாங்க ஆள் இல்லை, ஒரு விளம்பரக் கம்பெனியின் ஆள். நகைக்கடை, ஜவுளிக்கடை, மூலம் பவுத்திரம் குணமாக்கும் வைத்தியசாலை ஆகியவற்றின் விளம்பரத்துக்கு நடுவே பேருந்து நேரத்தையும் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. இருபத்துமூன்று வருடமாகச் சொல்கிறார். ஒரு காகிதமும் வைத்துக்கொள்வது கிடையாது. நேரமெல்லாம் நாக்கில் இருக்கிறது. அவர் குரலை அறியாதவர் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஆனால் ஆளைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். மீன் வாங்கப் போனால்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவாராம். வாயைத் திறந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கூச்சம்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. எதையும் இரண்டு தடவை சொல்வார். வீட்டிலும் அப்படித்தான், தண்ணீர் கேட்டால்கூட. "வெள்ளம் எடு, வெள்ளம் எடு" என்பார். "ஒரு மட்டம் சொன்னா எனக்குக் கேக்காதா? நான் என்ன பஸ்ஸுக்கா நிக்கேன்?" என்று மனைவி கத்துவாளாம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சொந்த விஷயம் எதைப் பேசினாலும் இடது உள்ளங்கையை மைக்கின் வாய்மேல் வைத்து மூடிக்கொள்வார். மைக் அணைந்திருந்தாலும் மூடுவார். டீக்கடையில் மைக் கிடையாதே, அங்கே கண்ணாடித் தம்ளரின் வாயை மூடிக்கொள்வார். சிரிப்பூட்டும் மனிதராகத்தான் இருந்தார்.

நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் கோலப்பனைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் மரத்தின் அடியை மூடு என்போம். மாமூடு, புளிமூடு என்று ஊருக்கே பெயர் இருக்கும். பழைய நிலையத்தின் நடுவில் மரம் இல்லை, ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாய் இருந்தது. அதற்கும் மூடு கொடுத்துவிட்டோம். பைப்புமூடு. அந்தக் காலத்து ராஜாக்கமங்கலம் வண்டி ஓயாமல் கொதித்துப் புகைந்துகொண்டிருந்ததால், ஓட்டுநர் குழாயடியில் கொண்டு நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார். வண்டிகள் மாறின, கொதிப்பது நின்றது, ஆனால் நிற்குமிடம் மாறவில்லை. எண்ணோ பலகையோ இல்லாத நிலையம் அது. தக்கலை வண்டி செய்யது அலி டீக்கடை முன்னால், குளச்சல் வண்டி மதிலோரம், ராஜாக்கமங்கலம் வண்டி பைப்புமூட்டில். கோலப்பனும் மைக்கில் அப்படியேதான் சொல்வார். அச்சுத் தமிழில் தொடங்கி எங்கள் தமிழில் போய் இறங்கும் அந்த அறிவிப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வரைந்தவர் வெளியூர்க்காரர். சிப்பி திறந்த மாதிரி கூரை. அழகாகத்தான் இருக்கிறது. எல்லாரும் படம் எடுத்து அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன். எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடிக்கும். சிப்பி இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு நிற்பதால் இரண்டு மழையும் உள்ளே வந்துவிட்டுத்தான் போகின்றன. இரும்பு நாற்காலிகளுக்கு நடுநடுவே கைப்பிடி வைத்திருக்கிறார்கள், யாரும் படுத்துவிடக்கூடாதாம். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் நோயாளிகள் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் படுக்கிறார்கள். நடைமேடை எண்ணைப் பன்னிரண்டடி உயரத்தில் தூணில் எழுதினார்கள். அதன்மேல் யாருக்காவது வரவேற்புத் தட்டி கட்டியிருப்பார்கள். மின்பலகை ஒன்று வைத்தார்கள். ஒரே மாதத்தில் அது மற்றதையெல்லாம் மறந்து 'நல்வரவு' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. இரவும் பகலும் நல்வரவுதான். அதனால்தான் கோலப்பனின் வேலை போகவில்லை.

முன்பெல்லாம் வண்டி வட்டமடித்து வந்து வட்டமடித்துப் போகும். இப்போது மூக்கை நடைமேடையில் இடித்து நிறுத்திவிட்டுப் பின்னால் எடுத்துத் திரும்பவேண்டும். அப்படிப் பின்னால் வருவதற்காக நடுவில் பெரிய வெட்டவெளி ஒன்றை விட்டிருக்கிறார்கள். 'பயணிகள் நிற்கக் கூடாது' என்று தரையில் மஞ்சளில் எழுதினார்கள், டயர் பட்டு மூன்று மாதத்தில் அழிந்தது. பழைய குழாய் இருந்த இடம் அந்த வெட்டவெளியின் நட்டநடுவில் வருகிறது. வரைந்தவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவர் இடத்தை அளந்தார். எங்கள் கால் போகும் வழியை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எங்களுக்கே அது தெரியாது.

ஆரம்பத்தில் கோலப்பன் மகா கறாராக இருந்தார். "ஒன்றாம் எண் நடைமேடை, இரண்டாம் எண் நடைமேடை" என்று தொண்டையைச் செருமிச் செருமிச் சொல்வார். யாராவது பழக்கத்தில் நடுவில் போய் நின்றால் மேலேயிருந்தே பிடித்து ஏசுவார். "பச்சைச் சேலை அம்மா, அங்கண என்ன நேர்ச்சையா? கரையேறு, கரையேறு" என்பார். மொத்த நிலையமும் சிரிக்கும். அந்த அம்மாள் வெட்கப்பட்டு ஓடி வருவாள்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. நான் கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளன். எனக்கும் அதே ஐந்து பத்துதான் வண்டி. கிழக்கிலிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கூரைக்கடியில் ஒரு ஓரமாக ஒண்டி நின்றோம். வண்டி இன்னும் வரவில்லை. அப்போது அறிவிப்பு வந்தது. "பயணிகளின் கவனத்திற்கு. ராஜாக்கமங்கலம் செல்லும் பேருந்து இன்னும் சில நிமிடங்களில் பைப்புமூட்டிலிருந்து புறப்படும்." வழக்கம்போல இரண்டு தடவை.

எங்கள் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. இதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நின்ற இருநூறு பேரில் ஒருவர்கூட 'என்னது?' என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பையைத் தூக்கித் தோளில் போட்டு நான்கு எட்டு வைத்தேன். தலையில் மழை விழுந்தது. அன்று குடை கொண்டுவரவில்லை. வண்டி வரட்டும் என்று திரும்பிவந்துவிட்டேன். என்னைத் தாண்டிக்கொண்டு ஒரு கறுப்புக் குடை போயிற்று. குடைக்கடியில் அழகியநாயகி. குடை வைத்திருந்ததனால் போனாள். குடை இல்லாததனால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு அறுபத்தொன்று. ராஜாக்கமங்கலம் போகும் வழியில் வயல்காட்டு ஊர் ஒன்றில் வீடு. கணவர் இல்லை, ஒரே மகள். நேராகப் போனாள். குழாய் இருந்த இடத்தில் நின்றாள். பையை இரண்டு காலுக்கும் நடுவில் இறக்கி வைத்தாள். பழைய நிலையத்தில் வண்டி கிழக்கு வாசல் வழியாகத்தான் வரும். அதனால் கிழக்கே பார்த்துக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஆறாம் எண்ணிலிருந்து ஒரு வண்டி பின்னால் வந்தது. ஓட்டுநர் வினோஜ் என்ற இளைஞர். கண்ணாடியெல்லாம் மழை. இறங்கி நின்று விசிலடிக்கவேண்டிய நடத்துநர், டிக்கெட் மெஷின் நனையாமல் துடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. குடைதான் முதலில் உருண்டு வந்தது.

கோலப்பன் பதினோரு படியையும் எப்படித் தாண்டினார் என்று தெரியாது, எனக்கு முன்னால் அங்கே நின்றார். மேலே யாரும் இல்லாததால் பதிவுசெய்த ஜவுளிக்கடை விளம்பரம் தன் பாட்டுக்கு ஓடியது. "வாருங்கள், வாங்குங்கள், மகிழுங்கள்." அவள் கிடக்கிறாள், மழை பெய்கிறது, ஒரு பெண்குரல் வாருங்கள் வாங்குங்கள் என்று குழைகிறது. ஐந்தாறு தடவை குழைந்த பிறகுதான் யாரோ மேலே ஓடிப்போய் நிறுத்தினார்கள். அந்தக் கடைப்பக்கம் நான் இப்போது போவதில்லை. கடை என்ன பாவம் செய்தது, ஆனாலும் போவதில்லை.

நிலையத்தில் எட்டு கேமரா இருக்கிறது. கேமராவுக்குக் கண் மட்டும்தான், காது கிடையாது. காவல்துறையில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கூரைக்கடியிலிருந்து கிளம்புகிறாள், தயங்காமல் நேராக நடக்கிறாள், பின்னால் வரும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், நகரவே இல்லை. 'வேணும்னே போய் நின்ன மாதிரில்லா இருக்கு' என்று யாரோ ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டுநருக்கு அது சௌகரியம், விசிலடிக்காத நடத்துநருக்குச் சௌகரியம், இடத்தைக் கட்டியவர்களுக்கும் சௌகரியம். வேறு டிப்போவுக்கு மாற்றியதோடு வினோஜின் விஷயம் முடிந்தது. செத்துப்போனவள் தன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்துச் செய்யது அலி கடையில் கோலப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு நீரு நின்னீருல்லா, சாரே?"

"நின்னேன், அண்ணாச்சி."

"நான் என்ன சொன்னேன்னு கேட்டீரா?"

"கேட்டேன்."

"பின்ன ஏன் யாருட்டயும் சொல்லல்ல?"

கேட்ட நேரத்தில் தப்பாகத் தோன்றவில்லை, தோன்றியபோது இரண்டு நாள் கடந்திருந்தது. பிறகு ஸ்டேஷன், கோர்ட்டு, நமக்கெதற்கு இந்தச் சள்ளை என்று இருந்துவிட்டேன். இதுதான் உண்மை. எழுதும்போது கை கூசுகிறது. "நீங்க ஏன் சொல்லல்ல?" என்று திருப்பிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஓர்மை இல்லாம வந்துட்டு, சாரே. இருவத்தோரு வருசம் நாக்கில கிடந்த சொல்லுல்லா? எத்தன பேர நான் மைக்கில ஏசியிருக்கேன், அங்கண நிக்காதேன்னு. கடசீல நானே ஒருத்திய அங்கண அனுப்பிப்போட்டேன்." தம்ளரை இன்னொரு கையாலும் மூடிக்கொண்டார். "சொல்லணும்னு ரெண்டு மட்டம் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். பேடி. நான் பேடி. இந்த வாயத் தவிர எனக்கு வேற தொழில் தெரியாது. பிடிச்சு உள்ள வச்சிட்டா வீட்டுல அவ என்ன செய்வா? செத்தவ இனி எந்திரிச்சு வரவா போறான்னு என்னயே சமாதானப்படுத்திக்கிட்டேன். ஒண்ணும் சமாதானம் ஆவல்ல."

டீ ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை. கல்லாவில் நின்ற செய்யது அலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்காதவர் மாதிரி பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

மைக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கும் பழக்கம் இந்தப் பேச்சுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. ஐந்து பத்து வண்டியை மைக்கில் சொல்லப்போனால் அந்தச் சொல் தானாக வாயில் வந்துவிடுமோ என்று பயம். அவர் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

அவர் பயந்தது காவல்துறைக்கு. வந்தது வேறொரு ஆள். அழகியநாயகியின் மகள் லட்சுமிப்ரியா, வயது இருபத்தாறு. இங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் பெயர் எழுதும் வேலை. அம்மா செத்த பிறகும் அதே வண்டியில்தானே வீட்டுக்குப் போகவேண்டும்? தினமும் வந்து கடைசி இரும்பு நாற்காலியில் உட்காருவாள். அவளிடம்தான் கோலப்பன் முதலில் போவார். "மூணாம் நம்பர், மக்கா, மூணாம் நம்பர்." "தெரியும், மாமா," என்பாள். தெரியும் என்று இவருக்கும் தெரியும். மறுநாளும் போய்ச் சொல்வார்.

அவள் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். செய்யது அலியிடம் கேட்டாள், பூக்காரியிடம் கேட்டாள், ஒருநாள் என்னிடமும் வந்தாள். "அன்னைக்கு எங்கம்மை அழுதுட்டா நின்னா, சார்? பாத்தீங்களா?" அன்று காலையில் இரண்டு பேருக்கும் சண்டையாம். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் தங்கப்போகிறேன் என்று இவள் சொல்ல, அம்மா சம்மதிக்கவில்லை. வார்த்தை தடித்து, அம்மாவைப் பார்த்து இவள் "நீ எங்கயாம் போய்த் தொலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். அதுதான் அவள் அம்மாவிடம் பேசிய கடைசி வாக்கியம்.

அழகியநாயகியின் பையில் ஒரு கிலோ மட்டிப்பழமும், தையல்கடையிலிருந்து வாங்கிய மகளின் சுடிதாரும் இருந்தன. அதைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். "சாகப் போறவ பழம் வாங்குவாளா, மக்கா?" என்றேன். "மகளுக்கு வாங்கி வச்சிட்டுப் போவோம்னு நெனச்சிருப்பா," என்றாள். எனக்குத் தெரிந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அவளுக்கு மூச்சு வரும். அப்போதும் நான் சொல்லவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஐந்து மணிக்கு நேரே படியேறிவிட்டாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கோலப்பன் என்னைக் கண்டு, வா வா என்று கையைக் காட்டினார். தனியாக இருக்கப் பயம் போலும். நானும் ஏறினேன்.

"அம்மைக்கு அடுத்த வாரம் ஆண்டு வருது, மாமா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "தானாப் போய்ச் செத்தவளுக்கு முறையாச் சடங்கு செய்யப்பிடாதுன்னு பெரியப்பா சொல்லியாச்சு. ஊருல எல்லாரும் அப்படித்தான் சொல்லுகாவ. மேல இருந்தா நடு முச்சூடும் தெரியுமே. நீங்க பாத்தீங்களா? வேணும்னேதான் போய் நின்னாளா? நான் சொன்ன சொல்லுக்காவத்தானா? ஆமான்னாலும் சொல்லிருங்கோ. எனக்குத் தெரிஞ்சாப் போரும்."

கோலப்பனின் உள்ளங்கை மைக்கின் வாயை மூடியிருந்தது. கடிகாரம் ஐந்து ஐந்தைத் தாண்டியது. அவர் எழுந்திருக்கவில்லை, கீழே இறங்கவும் இல்லை. கன்னத்தில் ஒதுக்கியிருந்த கருப்பட்டியை எடுத்து ஒரு காகிதத்தில் வைத்து மடித்தார்.

"சாரே, நீரு கீழ போயி அந்த வழிய மறிச்சு நில்லும். ஒரு வண்டியும் பொறத்த வரப்பிடாது. ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம்."

எதற்கு என்று ஐந்தாறு படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய் வெட்டவெளியின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். குளச்சல் வண்டி ஒன்று பின்னால் நகரத் தொடங்கியிருந்தது. அதன் முதுகில் ஓங்கி அறைந்தேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஓய், சாவதுக்கு உமக்கு வேற இடம் கிட்டலியா?" என்று கத்தினார். நான் கையை இறக்கவில்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது. "பயணிகளின் கவனத்திற்கு. ராஜாக்கமங்கலம் செல்லும் பேருந்து இன்னும் சில நிமிடங்களில் பைப்புமூட்டிலிருந்து புறப்படும்."

இரண்டாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் ஆட்கள் பையைத் தூக்கிவிட்டார்கள். ஒரு வருடமாக அதே வாயிலிருந்து 'மூணாம் நம்பர், மூணாம் நம்பர்' என்று கேட்டவர்கள்தான். இரண்டு மீன்காரப் பெண்கள் சருவத்தைத் தலையில் ஏற்றினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கைத்தடியோடு ஒரு பெரியவர், அவர்களைப் பார்த்துக் காதில் ஒயர் மாட்டிய ஒரு கல்லூரிப் பிள்ளை. பின்னால் இன்னும் சிலர். மொத்தம் ஒன்பது பேர். யாரும் யாரையும் கேட்கவில்லை, எங்கும் தயங்கவில்லை. நேராக என்னிடம் நடந்து வந்தார்கள். குளச்சல் வண்டிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றார்கள். குழாய் இருந்த இடத்தில் ஒரு அம்மாள் பையை இரண்டு காலுக்கும் நடுவில் இறக்கி வைத்துவிட்டு, "வண்டிய எங்க மக்கா காணல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் மேலே பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது ஒன்றும் கீழே கேட்காது. லட்சுமிப்ரியா இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோலப்பன் எழுந்து நின்றிருந்தார். அவர் வாய் அசையவில்லை. கையை நீட்டிக் கீழே நின்ற ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக அவளுக்குச் சுட்டிக் காட்டினார். கடைசி ஆளையும் காட்டி முடித்த பிறகு, அதே விரலை மெல்லத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்தார்.